கை வச்ச டீச்சர்

போன மாசம் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு டீச்சர் வந்துச்சு. சின்னப் பொண்ணு, வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும். பெரம்பலூர்ல ஏதோ ட்ரெயினிங்குன்னு சொல்லி ஒரு கட்டுத் தாளை நீட்டுச்சு. மிஷின்ல வைக்கும்போது கண்ணுல பட்டுது. ஒரு புள்ள குப்புறப் படுத்திருக்கு, அது முதுகுல பெரியவங்க கை. படத்துக்குக் கீழ மழை, மேகம், முயல்னு என்னென்னவோ எழுதியிருக்கு.

"என்னம்மா இது?"

"மசாஜ் பண்ணிக்கிட்டே கதை சொல்றதுக்கு, அக்கா. கை கால் சரியா வராத பிள்ளைங்க, பேச்சு வராத பிள்ளைங்க இருக்காங்கல்ல, அவங்களுக்கு. நம்ம பக்கம் இப்பதான் புதுசா வந்திருக்கு."

புதுசா வந்திருக்காம். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். அந்தப் பொண்ணு மேல இல்ல, அது பாவம், சொல்லிக் குடுத்ததைச் சொல்லுது. ஆனாலும் மிஷினை நிறுத்திட்டேன். "புதுசுமில்ல ஒண்ணுமில்ல. இந்த ஊரெல்லாம் திருச்சி ஜில்லாவுல இருந்தப்பவே, குன்னம் பக்கம் எங்க யூனியன் ஸ்கூல்ல ஒரு டீச்சர் இதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தாங்க. பண்ணினதுக்காகவே துரத்திவிட்டானுங்க"ன்னு கத்திட்டேன். அது மிரண்டு போயி பாதித் தாளோட கெளம்பிருச்சு. அப்பறம் நான் கடையில தனியா உக்காந்து எரிஞ்சுக்கிட்டிருந்தேன். அந்த எரிச்சல்லதான் இதை எழுதுறேன். எழுதுனா அடங்கும்னெல்லாம் நம்பிக்கை இல்ல.

அவங்க பேரைச் சொல்லப் போறதில்ல. உசுரோட இருக்காங்களான்னு தெரியாது. இருந்தா, "என்னைக் கேட்டா எழுதுன?"ன்னு அரியலூர்லேர்ந்து பஸ் ஏறி சண்டைக்கு வந்துருவாங்க.

சண்டைன்னா அப்படி ஒரு சண்டைக்காரி. பஸ்ஸு ஸ்கூல் கிட்ட நிக்காம தள்ளிப் போய் நின்னா கண்டக்டரோட சண்டை. சாக்பீஸ் வரலன்னா சண்டை. கொடியேத்தறப்ப என்னை மாதிரி புள்ளைங்களை மட்டும் உள்ளயே இருக்கச் சொன்னதுக்காக ஹெட்மாஸ்டரோட சண்டை. நல்ல உசரம், கட்டைக் குரல், கையில எப்பவும் ஒரு குடை. அதை விரிச்சு நான் பாத்ததே இல்ல. பேசும்போது தரையில குத்துறதுக்குத்தான் அது. "ஏன் டீச்சர் இவ்வளவு கோவப்படறீங்க?"ன்னு யாராவது கேட்டா போச்சு. "கோவப்படாம இருக்கிற மாதிரி நீங்க என்னய்யா பண்ணிட்டீங்க?"ன்னு திருப்பிக் கேப்பாங்க.

நான் பொறந்தப்பவே எனக்கு வலது கையும் வலது காலும் விறைச்சுக்கிச்சு. கை எந்நேரமும் மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ள மாட்டிக்கிட்டிருக்கும். பேச்சு குழறும். எங்கம்மா என்னை இடுப்புல தூக்கிட்டு வந்து ஸ்கூல் வராண்டாவுல உக்கார வச்சிட்டு களை எடுக்கப் போயிரும். உள்ள உக்கார விடமாட்டாங்க. கால் ஒரு காரணம், நாங்க காலனித் தெருங்கிறது இன்னொரு காரணம். ரெண்டுல எது பெருசுன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல. சொல்லாமலே தெரியும்.

வராண்டாவோட அந்தக் கோடியில தனபால் உக்காந்திருப்பான். பெரிய வூட்டுப் புள்ள. எங்கம்மா களை எடுக்கிற வெங்காயக் கொல்லையே அவங்கப்பாவோடதுதான். அவனுக்குப் பேச்சே இல்ல. தலையைத் தூண்ல மோதிக்குவான், திடீர்னு ஊளையிடுவான். அவன் சத்தத்துல பாடம் நடத்த முடியலன்னு அவனையும் வெளிய போட்டுட்டாங்க. ஊரு எங்களைத் தனித்தனி தெருவுல வச்சிருந்துச்சு, ஸ்கூல்காரங்க ஒரே வராண்டாவுல தள்ளிட்டாங்க. ரெண்டுமே எங்களைக் கேட்டுச் செஞ்சதில்ல.

டீச்சர் வந்த அன்னைக்கே வராண்டாவைப் பாத்துட்டு ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனாங்க. உள்ள என்ன பேசினாங்கன்னு தெரியாது, குடை குத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு. வெளிய வந்து என் பக்கத்துல தரையில சம்மணம் போட்டு உக்காந்தாங்க. என் மூடின கையை எடுத்து அவங்க மடியில வச்சுக்கிட்டாங்க.

அதுக்கு முன்னாடி ஸ்கூல்ல யாரும் என் கையைத் தொட்டதில்ல. குச்சியால தொட்டிருக்காங்க.

பையிலேர்ந்து ஒரு சின்ன பாட்டில் எடுத்தாங்க. விளக்கெண்ணெய். கொஞ்சம் உள்ளங்கையில ஊத்தித் தேய்ச்சு சூடு பண்ணிட்டு என் மணிக்கட்டுல வச்சாங்க. "இந்தா பாரு, உள்ள ஒரு மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. வெளிய மச்சினனுங்க நாலு பேரு மறைச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. யாரும் இழுக்கக் கூடாது. இழுத்தா இன்னும் உள்ள போயிருவாரு. கூப்பிடணும். நல்லவிதமா கூப்பிடணும்."

அப்படிச் சொல்லிக்கிட்டே புறங்கையை மணிக்கட்டுலேர்ந்து விரல் வரைக்கும் உருவிவிட்டாங்க. "மாப்ளே, கறிக்கொழம்பு வச்சிருக்கு, வாங்க." உருவல். "மாப்ளே, செட்டிகுளம் மலைக்கு வண்டி கட்டியாச்சு, வரலியா?" உருவல். அன்னைக்கு மாப்பிள்ளை வரல. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அவ்வளவுதான். மறுநாளும் கூப்பிட்டாங்க. தினமும் வேற வேற ஆசை காட்டுவாங்க. ரஞ்சன்குடி கோட்டைக்குப் போலாம்பாங்க, அரியலூர்ல புதுப்படம் வந்திருக்கும்பாங்க. நான் வூட்டுக்குப் போயி படுத்துக்கிட்டு, நாளைக்கு மாப்பிள்ளைக்கு என்ன குடுப்பாங்கன்னு யோசிப்பேன். ரொம்ப நாள் கழிச்சு ஒரு காலையில, பணியாரம்னு சொன்னப்ப, கட்டைவிரல் மெல்ல மச்சினனுங்களைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துச்சு. டீச்சர் சிரிச்சிருப்பாங்கன்னுதானே நெனக்கிறீங்க? இல்ல. "இத்தினி வருஷம் இதை யாரும் செய்யலியே, பாவிங்களா"ன்னு ஸ்கூலே திரும்பிப் பாக்கிற மாதிரி கத்தினாங்க.

தனபாலுக்கு வேற கதை. அவனுக்கு முதுகுல. அவன் முதுகுதான் கொல்லை. சட்டையைத் தூக்கிவிட்டு எண்ணெய் தடவி, பத்து விரலையும் மேலேர்ந்து கீழ இழுப்பாங்க, அது உழவு. உள்ளங்கையால அழுத்தித் தேய்ப்பாங்க, அது பரம்படிச்சு மண்ணைச் சமன் பண்றது. விரல் நுனியால வரிசையா அழுத்துவாங்க, வெங்காயம் ஊன்றது. அப்பறம் மழை. மழைதான் அவனுக்கு உசுரு. விரல் நுனியெல்லாம் சேந்து பொட்டுப் பொட்டுன்னு மெதுவா விழும், வலுக்கும், திரும்ப மெதுவாகும். கதை சொல்றப்ப டீச்சர் நடுவுல நிறுத்திட்டு, "இப்ப என்ன வரணும்?"னு கேப்பாங்க. அவன் சொல்லமாட்டான். காத்துக்கிட்டிருப்பாங்க. எவ்வளவு நேரமானாலும் காத்துக்கிட்டிருப்பாங்க, அப்பறம் அவங்களே மழையைப் பேய வைப்பாங்க. அவன் தலை மோதறது நின்னுச்சு. ஊளை நின்னுச்சு. வராண்டாவுல இருந்து எங்களை உள்ள கூட்டிட்டுப் போனாங்க.

ஒரு நாள் அவன் முதுகுல மழை பேஞ்சுக்கிட்டிருக்கு, ஹெட்மாஸ்டர் வாசல்ல வந்து நின்னாரு. "டீச்சர், இது பள்ளிக்கூடமா, மருத்துவச்சி வூடா?"ன்னாரு. அவ்வளவுதான். டீச்சர் திரும்பாமலே பிடிபிடின்னு பிடிச்சாங்க. "நீங்க படிச்சவர்தானா சார்? வூட்ல புள்ளகுட்டி இருக்கா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" வாயில வந்ததெல்லாம் வந்துச்சு, கழுத்து நரம்பெல்லாம் புடைச்சிருச்சு. நான் பக்கத்துல இருந்து அவங்க கையையே பாத்துக்கிட்டிருந்தேன். கை பாட்டுக்கு மழை பேஞ்சுக்கிட்டிருக்கு. ஒரு பொட்டுகூட அழுத்தி விழல. தனபால் கண்ணை மூடிக் கிடக்கிறான். வாய்க்கும் கைக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு மனுஷியை நான் அப்பறம் எங்கயும் பாத்ததில்ல.

இந்த எண்ணெய், கதை எல்லாத்துக்கும் சேத்து எங்க வகுப்புல ஒரு பேரு இருந்துச்சு. கை வைக்கிறது. "வா, கை வைக்கிறேன்"பாங்க டீச்சர். "எனக்கு இன்னைக்குக் கை வைக்கவே இல்ல"ன்னு நாங்க அழுவோம். மத்த புள்ளைங்களும் வயித்து வலி, தலைவலின்னு பொய் சொல்லி வந்து நிக்கும்.

ஊருல கை வைக்கிறதுன்னா அடிக்கிறதுதானே. அதனால ஆரம்பத்துலயே ஒரு கூத்து நடந்துச்சு. பக்கத்து வூட்டுப் பையன் கொல்லைக்கு ஓடிப்போயி எங்கம்மாகிட்ட, "உன் புள்ள மேல புது டீச்சர் கை வச்சிட்டாங்க"ன்னு சொல்லிட்டான். எங்கம்மா களைக்கொட்டோட வந்துச்சு. வாசல்லேர்ந்தே சத்தம். "ஏம்மா, நடக்க முடியாத புள்ளதான் கெடைச்சுதா உனக்கு? நான் பெத்து வளக்கிறேன், நீ அடிக்கிறியா?"

டீச்சர் என் காலை மடியில வச்சு உருவிக்கிட்டிருந்தாங்க. "அடிச்சதை நீ பாத்தியா?"

"ஊரே சொல்லுது!"

"ஊரு சொன்னா களைக்கொட்டத் தூக்கிட்டு வந்துருவியா? உக்காரு இங்க. உக்காருன்னா. நானும் கேக்கிறேன் உன்னை, இத்தினி வருஷமா இந்தக் காலுக்கு எண்ணெய் வச்சியா நீ?"

"எண்ணெய்க்கு எங்கம்மா போவேன்? தாளிக்கவே இல்ல!"

ரெண்டு பேரும் நல்லாக் கத்திக்கிட்டாங்க. கத்தி ஓஞ்சப்பறம் பாத்தா, எங்கம்மா களைக்கொட்டைக் கீழ வச்சிட்டு என் இன்னொரு காலை மடியில எடுத்து வச்சுக்கிட்டு டீச்சர் மாதிரியே உருவிக்கிட்டிருக்கு. அப்பதான் டீச்சர் சொன்னாங்க, "எங்கக்கா மவன் ஒருத்தன் இப்படித்தான் இருந்தான். விருந்தாளி வந்தா அவனை மாட்டுக் கொட்டாயில வச்சுக் கதவைச் சாத்திருவாங்க. அங்கேயே போயிட்டான்." அதுக்கு மேல அந்தப் பேச்சை எடுக்கல. திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில உக்காந்து இதையெல்லாம் பாத்துக் கத்துக்கிட்டேன்னு மட்டும் சொன்னாங்க.

இனிமேதான் எனக்கு நெஜமா எரியற எடம்.

தனபாலோட அப்பா மொதல்ல ஆளனுப்பினாரு. புள்ள அமைதியா இருக்கான், சந்தோஷம், ஆனா ஒரே ஒரு விஷயம். டீச்சர் எனக்குக் கை வச்சிட்டு அப்பறம் அதே கையோட தனபாலுக்கு வைக்கிறாங்களாம். அது வேணாம். மொதல்ல தனபாலுக்கு முடிச்சிட்டு அப்பறம் மத்தவங்களைப் பாக்கட்டும். எவ்வளவு நாசூக்கு பாருங்க. மத்தவங்களாம். டீச்சரும் அவங்க சனந்தான், அரியலூர்ல நெலம் நீச்சோட இருக்கிற குடும்பம். நம்மாளா இருந்துக்கிட்டு இது தெரியலியேன்னு அவருக்குக் கூடுதல் வருத்தம்.

சேதி சொன்ன ஆளை டீச்சர் என்ன சொல்லித் திட்டினாங்கன்னு நான் எழுதினா அச்சுல ஏறாது. மறுநாள்லேர்ந்து மொத ஆளு நான். எனக்கு முடிச்சிட்டு, கையைத் துணியில துடைக்கக்கூடச் செய்யாம, அந்த எண்ணெயோடயே தனபாலைக் கூப்பிடுவாங்க. சன்னல்ல யாராவது நின்னு பாத்தா இன்னும் நல்லா தெரியட்டும்னு கையைத் தூக்கிக் காட்டுவாங்க. அது எனக்காகச் செஞ்சாங்களா, அந்த ஆளு மேல இருந்த வீம்புக்குச் செஞ்சாங்களான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல. அப்ப எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. எங்கம்மா அவரு கொல்லையிலதான் வேலை செஞ்சுச்சு.

அப்பறம் ஒரு நாள் ஜீப்பு வந்துச்சு. கல்வி ஆபீஸ்லேர்ந்து ஒரு அதிகாரி. வேப்பமரத்தடியில நாற்காலி போட்டாங்க. தனபாலோட அப்பா, கூட ஊர்த்தெரு ஆளுங்க கொஞ்சம் பேரு, ஹெட்மாஸ்டர் எல்லாம் நின்னாங்க. எங்களையும் கூட்டிட்டு வந்து வரிசையா உக்கார வச்சாங்க. எங்கம்மா தூரமா நின்னுச்சு.

"என்னங்க புகாரு?"ன்னாரு அதிகாரி.

தனபாலோட அப்பா தொண்டையைக் கனைச்சாரு. "இந்த டீச்சர் பிள்ளைங்க மேல கை வைக்கிறாங்க சார்."

பாத்தீங்களா? ஒரே ஒரு வார்த்தை. பொய்யும் இல்ல. காலனிப் புள்ளையைத் தொட்ட கையால என் புள்ளையைத் தொடுறாங்கன்னு சொல்லியிருந்தா அந்த ஜீப்புலயே அவரைத்தான் ஏத்தியிருக்கணும். அது அவருக்குத் தெரியும். அதனால எங்க வகுப்பு வார்த்தையையே எடுத்துக்கிட்டாரு. நாங்க ஆசை ஆசையாச் சொன்ன வார்த்தை.

டீச்சருக்குப் புரிஞ்சு போச்சு. குடையைத் தரையில ஊன்றிக்கிட்டு எழுந்தாங்க. "முழுசாச் சொல்லுங்க. எந்தப் புள்ளை மேல வச்ச கையை எந்தப் புள்ளை மேல வைக்கிறேன்னு சொல்லுங்க. சார் எழுதிக்கட்டும்."

அவரு துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாரு.

"ஏன், வரலியா? ஆள் விட்டுச் சொன்னப்ப வந்துச்சே?"

அதிகாரிக்கு வெயிலு. சீக்கிரம் போகணும். "டீச்சர், நீங்க கத்தாதீங்க. பசங்க மேல கை வச்சீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

இங்கதான் எனக்கு டீச்சர் மேலயே ஆத்திரம். அடிக்கலீங்க சார், எண்ணெய்தான் தடவினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். எங்கம்மாவைக் கூப்பிட்டிருந்தாலே சொல்லியிருக்கும். சொன்னா என்ன கொறஞ்சு போயிருவாங்க? எங்க கதி என்னன்னு நெனச்சாங்களா? ஆனா அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா?

"ஆமா. வச்சேன். தினம் வைக்கிறேன். நாளைக்கும் வைப்பேன்."

அதிகாரி எழுதிக்கிட்டாரு. எங்கம்மா தூரத்துலேர்ந்து, "ஐயா, அது அடி இல்லைங்கய்யா"ன்னு கத்துச்சு. "நீ சும்மா இரு"ன்னு ஊர்த்தெரு ஆளு ஒருத்தன் அதட்டினான். நான் எந்திரிக்கப் பாத்தேன், கால் ஒத்துழைக்கல, வாய் குழறி என்னமோ வந்துச்சு, அதிகாரி என் பக்கம்கூடத் திரும்பல. அவரு குனிஞ்சு, வரிசையிலயே நல்ல சட்டை போட்டிருந்த புள்ளையைப் பாத்தாரு. "தம்பி, நீ சொல்லு. டீச்சர் உன் மேல கை வச்சாங்களா?"

தனபாலுக்குப் பேச்சு வராதுன்னு அவருக்கு யாரும் சொல்லல.

தனபால் அவரைப் பாத்தான். டீச்சரைப் பாத்தான். டீச்சர் அவன் முன்னால எப்பவும் காத்துக்கிட்டிருக்கிற மாதிரியே காத்துக்கிட்டிருந்தாங்க. அவன் முகமெல்லாம் சிரிப்பாச்சு. வாயைக் கோணி, கஷ்டப்பட்டு, சத்தமா சொன்னான்.

"வச்... சாங்க."

அவன் பொறந்ததுலேர்ந்து பேசின மொத வார்த்தை அது. அந்த ஊருல அத்தனை பேருக்கும் தெரியும் அது மொத வார்த்தைன்னு. டீச்சர் குடையைக் கீழ போட்டுட்டாங்க. "பேசிட்டான்! கேட்டீங்களா, பேசிட்டான்! ஏங்க, உங்க புள்ள பேசிட்டான்!"ன்னு அவங்கப்பா கையைப் புடிச்சு உலுக்குறாங்க. அத்தனை சண்டைக்காரி, அந்த எடத்துல ஒரு துளி கோவம் இல்லாம நிக்கிறாங்க.

அவரு கையை உதறினாரு. அதிகாரி பக்கம் திரும்பினாரு.

"எழுதிக்குங்க சார். எம்புள்ளையே சொல்லிட்டான்."

நான் இத்தனை வருஷத்துல எத்தனையோ அயோக்கியத்தனம் பாத்திருக்கேன். இதுக்கு ஈடா ஒண்ணு பாக்கல. பெத்த புள்ள மொத மொதல்ல வாயைத் திறந்து பேசுது, அது ஒருத்தியைத் தொலைக்கிறதுக்கு ஆகும்னுதான் அந்தாளுக்குத் தோணுது.

டீச்சரை எங்கயோ தூரமா மாத்திட்டாங்க. போறப்ப எங்க தெருவுக்கு வந்து எண்ணெய் பாட்டிலை எங்கம்மாகிட்ட குடுத்தாங்க. "தினம் உருவு. இழுக்காத. கூப்பிடு"ன்னாங்க. என் கையை விரிச்சுப் பாத்துட்டு மூடினாங்க. பஸ் வந்துச்சு. தள்ளிப் போய்தான் நின்னுச்சு. கண்டக்டரைத் திட்டாம ஏறிட்டாங்க. அதைப் பாத்துத்தான் எங்கம்மா அழுதுச்சு.

எங்களை மறுபடியும் வராண்டாவுல போட்டாங்க. கொஞ்ச நாள்ல, பாரமா இருக்குன்னு என்னை வரவே வேணாம்னுட்டாரு ஹெட்மாஸ்டர். அப்பறம் நான் எப்படிப் படிச்சேங்கிறது வேற சண்டை. அப்ப எங்கம்மா கூட வெங்காயக் கொல்லைக்குப் போயி வரப்புல உக்காந்துக்குவேன்.

ஒரு மத்தியானம் தனபாலோட அம்மா அவனைக் கூட்டிக்கிட்டு அங்க வந்தாங்க. அவன் நெத்தியில வீக்கம். மறுபடி மோதிக்க ஆரம்பிச்சிருக்கான். அந்த ஒரு வார்த்தைக்கு அப்பறம் பேச்சும் நின்னு போச்சாம். எனக்குக் கொஞ்சம் தள்ளியே நின்னுக்கிட்டாங்க.

"ஏ புள்ள, அந்த டீச்சர் இவனுக்கு என்னமோ கதை சொல்லுமாமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"சொல்லேன் பாப்பம். கிட்ட வராத, அங்கேர்ந்தே சொல்லு."

"தொட்டாத்தாங்க அந்தக் கதை."

எங்கம்மா வெங்காய வரிசையிலேர்ந்து நிமிந்து பாத்துச்சு. அந்தம்மா நாலு பக்கமும் திரும்பிப் பாத்தாங்க. யாருமில்ல. "சரி, வெரசா முடி"ன்னாங்க. தனபால் அதுக்குள்ள சட்டையைத் தூக்கிக்கிட்டு எனக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டான். எனக்கு எடது கைதான் நல்லா வரும். அதால உழுதேன், பரம்படிச்சேன், வெங்காயம் ஊன்றினேன். அப்பறம் நிறுத்திட்டுக் காத்துக்கிட்டிருந்தேன்.

"மழ"ன்னான்.

அவங்கம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அப்படியே வரப்புல உக்காந்து அழுதாங்க. எனக்குப் பாவமாயிருச்சு. மழையை ரொம்ப நேரம் பேய வச்சேன். முடிஞ்சதும் அவங்க அவன் கையைப் புடிச்சு மோட்டார் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போனாங்க. தொட்டித் தண்ணியை மொண்டு மொண்டு அவன் தலையோட ஊத்தினாங்க. முதுகை நல்லாத் தேய்ச்சுக் கழுவினாங்க. என் கண்ணு முன்னாலயே. ஒளிச்சுச் செய்யணும்னுகூட அவங்களுக்குத் தோணல.

எங்கம்மா என்னைப் பாக்காம குனிஞ்சுக்கிச்சு.

இன்னொரு நாள் மறுபடி வந்தாங்க. தனபால் ஓடி வந்து முதுகைக் காட்டி உக்காந்தான். நான் கையை வச்சேன். வாயையும் திறந்தேன். குழறின வாயிதான், ஆனா அன்னைக்கு அத்தனையும் வந்துச்சு. "உங்க புள்ளைக்குப் பேச்சு வேணும், பேச வைக்கிற கை மட்டும் அழுக்கா? டீச்சரைத் தொரத்தினீங்களே, இப்ப எதுக்கு இங்க வந்து நிக்கிறீங்க? புள்ளை பேசினப்ப அவங்கப்பாவுக்குக் காது எங்க போச்சு? வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு?"

"வாயை மூடு புள்ள, ஐயோ, வாயை மூடு"ன்னு எங்கம்மா கொல்லைக் கோடியிலேர்ந்து ஓடி வருது. நான் மூடல. அவன் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தான், மழை மெதுவா விழுந்துக்கிட்டிருந்துச்சு. நான் திட்டத் திட்ட அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாங்க. எல்லாத்தையும் கேட்டாங்க. எங்கம்மாவை வேலையை விட்டும் நிறுத்தல. மழை முடியற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னாங்க.

அன்னைக்கும் தொட்டித் தண்ணியில கழுவித்தான் கூட்டிட்டுப் போனாங்க.